கண்டிச்சீமை சென்ற நம்மவர்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கடலோர மக்களும் தீவு மக்களும்: வட்டார அடையாளமும் பண்பாடும்' என்னும் பொருள்பற்றி உரையாற்றுமாறு விழாக் குழுவினர் பணித்தனர். அழைப்பிதழைக் கண்ட நண்பர் ஒருவர், "பெரம்பலூருக்கும் கடலுக்கும் என்ன ஐயா உறவு? நம் பிள்ளைகளில் பலர் கடலைக் கண்ணால் கண்டதே இல்லையே" என்று வினவினார். நியாயமான வினாவே. நம் இரு மாவட்டங்களுக்கும் கடற்கரை கிடையாது. வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், இடையே கரிசலும் செம்மண்ணும் சுண்ணாம்புப் பாறையும் கொண்ட மேட்டு நிலம் நம்முடையது. மக்காச்சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் முந்திரியும் விளையும் மண்ணில் நின்றுகொண்டு கடலைப் பற்றிப் பேசுவானேன்?

ஆயினும் இம்மண் மூன்று முறை கடலைக் கண்டது என்று கூறலாம். முதல் முறை, மனிதன் தோன்றுவதற்கு முன். ஏறத்தாழ 10 கோடி ஆண்டுகளுக்கு முன்பு அரியலூர்ப் பகுதி கடலடியில் கிடந்தது. காரை முதலிய ஊர்களின் ஓடைகளில் ஆடு மேய்க்கும் சிறுவர் கைகளில் அகப்படும் சங்குருவக் கற்களும் சிப்பிக் கற்களும் அக்கடலின் எச்சங்களே. நிலநூல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் 1940ஆம் ஆண்டில் உலகுக்கு அறிவித்த சாத்தனூர்க் கல்மரம், 18 மீட்டர் நீளத்தில் இன்றும் அங்கே கிடக்கிறது. நம் சிமெண்டு ஆலைகள் வெட்டியெடுக்கும் சுண்ணாம்புக் கல்லும் அக்கடல் விட்டுச் சென்ற செல்வமே.

இரண்டாம் முறை, முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில். இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கி ஆண்ட அம்மன்னன், 1025ஆம் ஆண்டளவில் கடல் கடந்து கடாரம் கொண்டான் என்று மெய்க்கீர்த்தி பேசுகிறது. நம் மாணவர்கள் அதனைத் தேர்வில் எழுதி மதிப்பெண் பெறுகின்றனர். பெறட்டும், மகிழ்ச்சியே.

மூன்றாம் முறை, நம் பாட்டனார்களும் பூட்டனார்களும் கூலிகளாகக் கடல் கடந்தபோது. முதற் கடலுக்கு வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டாம் கடலுக்குக் கல்வெட்டும் கோயிலும் இருக்கின்றன. மூன்றாம் கடலுக்கு நம் ஊர்களில் என்ன இருக்கிறது? சில தெருக்களில் 'கண்டிக்காரர் வீடு', 'சிலோன்காரர் வீடு' என்னும் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயர்களுக்குரிய கதையை அறிந்த முதியோர் ஒருவர் பின் ஒருவராக மறைந்து வருகின்றனர். ஆகவே அம்மூன்றாம் கடலைப் பற்றியே இன்று பேச எண்ணுகிறோம்.

இலங்கைத் தீவின் மலைப்பகுதியில் 1820களில் கோப்பித் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. 1869இல் அங்கே கோப்பி இலைகளைத் தாக்கிய நோய் சில ஆண்டுகளில் அப்பயிரையே அழித்தது. அதற்கு முன்பே, 1867இல், ஜேம்ஸ் டெயிலர் என்பார் தொடங்கிவைத்த தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. கோப்பிக்குப் பருவத்துக்கு மட்டுமே ஆள் வேண்டும். தேயிலைக்கோ ஆண்டு முழுதும் ஆள் வேண்டும். வெள்ளைத் துரைமார் அந்த ஆட்களை நம் சென்னை மாகாணத்துத் தமிழ் மாவட்டங்களிலிருந்தே திரட்டினர். பெருந்தொகையினரை அனுப்பிய மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் சேலமும் முன்னணியில் நின்றவை. அன்றைய திருச்சி மாவட்டத்தில் அடங்கியவையே பெரம்பலூர், உடையார்பாளையம் வட்டங்கள். 1995இல் பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அரியலூர் 2001இல் பிரிந்து, மறு ஆண்டே இணைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் தனி மாவட்டமாயிற்று. நம் முன்னோர் புறப்பட்டபோது இந்த எல்லைகள் எவையும் இல்லை. 'திருச்சி ஜில்லா' என்னும் ஒரே முகவரியோடு அவர்கள் சென்றனர்.

ஏன் சென்றனர்? ஆசை ஒரு காரணம், பசி பெருங்காரணம். 1876 முதல் 1878 வரை மாகாணத்தை வாட்டிய பெரும் பஞ்சத்தைப் பெரியோர் 'தாது வருடப் பஞ்சம்' என்பர். பஞ்சமில்லாக் காலத்திலும் பண்ணையாளுக்குக் கூழே கூலி. தந்தை வாங்கிய கடனுக்கு மகன் பண்ணையாளாக நின்றான். நிலம் இல்லை, பொதுக்கிணற்றில் நீர் இல்லை, பள்ளியில் இடம் இல்லை. அப்போது கங்காணி வந்தான். தேயிலைத் தூரைத் தோண்டினால் தேங்காயும் மாசியும் கிடைக்கும் என்று ஆசை காட்டினான் என்பது மலையகத்தில் வழிவழியாக வழங்கும் பேச்சு. நம்பினவர் பேதையர் என்று நகைத்துவிடல் ஆகாது. பண்ணையாரின் வாசலைத் தாண்டுவதற்கு வேறு வழி அறியாதவர்க்குக் கங்காணியின் முன்பணமே கதவாக இருந்தது.

கடல் கடத்தல் எளிதாயிருந்ததில்லை. தொடக்கக் காலத்தில் நம்மவர் கரை வரை நடந்தனர். தோணியில் மன்னார் சேர்ந்தனர். பின்னர் வன்னிக் காட்டினூடே மாத்தளை வரை நாள் கணக்கில் நடந்தனர். வாந்திபேதியும் குளிர்காய்ச்சலும் கொண்டுபோனவர்க்கு வழியோரமே இடுகாடாயிற்று. பின்னாளில் இவையனைத்தும் ஒழுங்கு செய்யப்பட்டன. 1904இல் தோட்டத் துரைமார் அமைத்த இலங்கைத் தொழிலாளர் ஆணையத்தின் தலைமை அலுவலகம் நம் திருச்சிராப்பள்ளியிலேயே இருந்தது. தோட்டத்தின் எண் பொறித்த தகரத் துண்டு ஒன்று தொழிலாளிக்கு அடையாளமாகத் தரப்பட்டது. 1914இல் பாம்பன் பாலமும் தனுஷ்கோடி-தலைமன்னார்க் கப்பல் வழியும் திறக்கப்பட்டன. மண்டபத்தில் முகாம் அமைத்து, நோய் உண்டா என்று சோதித்து அனுப்பினர்.

இங்கே ஒரு சொல்லைக் கவனிக்க வேண்டும். ஒரு தோட்டத்திலிருந்து மறு தோட்டத்துக்குப் போகும் தொழிலாளிக்குத் தரப்பட்ட கடன் சீட்டுக்கும் 'துண்டு' என்றே பெயர். அவன் பட்ட கடன் இவ்வளவு. அதனைச் செலுத்துவோர் அவனை வைத்துக்கொள்ளலாம் என்பது அதன் பொருள். 1921இல் இந்தத் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மனிதன் இன்னான் என்பதை அவன் கழுத்துத் தகரமும் கையிலுள்ள கடன் சீட்டும் சொல்லிய காலம் அது. அடையாளம் என்னும் சொல்லை நாம் இன்று பெருமையோடு கையாள்கிறோம். அச்சொல் நம் முன்னோர்க்கு முதலில் தகரத்தில்தான் அடித்துத் தரப்பட்டது.

அவ்வாறு சென்றோர் அங்கே என்ன ஆயினர்? பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான காம்பராக்கள் வரிசையாக ஒட்டிய லயங்களில் குடியேறினர். விடியுமுன் பெரட்டுக் களத்தில் நின்றனர். பெண்கள் கூடை சுமந்து கொழுந்து பறித்தனர். ஆண்கள் கவ்வாத்து வெட்டினர், முள்ளு குத்தினர், கான் வெட்டினர். லயம், காம்பரா, பெரட்டு, கவ்வாத்து என்னும் இச்சொற்களை நாம் வேண்டுமென்றே கூறுகிறோம். இவற்றுள் சில ஆங்கிலத்திலிருந்தும் பிறமொழிகளிலிருந்தும் வந்தவை. ஆனால் இன்று இவை மலையகத்தின் தமிழ்ச் சொற்கள். பெற்ற ஊரின் பேச்சோடு புகுந்த மண்ணின் தொழிற்சொல் சேர்ந்து ஒரு வட்டார வழக்குப் பிறந்தது. திருச்சிப் பேச்சும் சேலத்துப் பேச்சும் மதுரைப் பேச்சும் ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராக்களில் வாழ்ந்து, மூன்றும் கலந்து, நான்காவதான ஒன்றாயின.

தெய்வங்களும் அவ்வாறே. மாரியம்மனும் முனியாண்டியும் மாடசாமியும் இங்கிருந்து சென்றவர்கள். கவ்வாத்துச் சாமி அங்கே தோன்றியவர். கூரிய கத்தியோடு மலைச்சரிவில் நிற்பவனுக்குக் காவல் வேண்டும் அன்றோ? தேயிலை ஆலையின் சுழலும் ரோதைக்கு ரோதை முனி தோன்றினார். இயந்திரம் கையைப் பறிக்கும் என்னும் அச்சத்திலிருந்து பிறந்த தெய்வம் அவர். இதனை மூடநம்பிக்கை என்று ஒதுக்கும் பகுத்தறிவாளரோடு நமக்குச் சண்டை இல்லை. ஆனால் வரலாறு எழுதுவோன் அங்கே ஒரு செய்தியைக் காண்பான். ஆபத்து எங்கே இருந்ததோ அங்கே அம்மக்கள் தெய்வத்தை நட்டிருக்கின்றனர்.

கூத்துகளோ அவர்களுடைய பல்கலைக்கழகம். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத்தின் சிறப்புக் கூத்துகளாக மதிக்கப்படுகின்றன. பொன்னர் சங்கர் கதை நம் மணப்பாறைக்கு அருகிலுள்ள வீரப்பூரோடு பிணைந்தது. மாசி மாதத்தில் நடக்கும் காமன் கூத்தில் தோட்டமே பங்கேற்கும். காமனை நட்டு, எரித்து, மீண்டும் உயிர்பெறச் செய்வர். எழுதப் படிக்க வாய்ப்பளிக்கப்படாத மக்கள் பல மணி நேரக் கூத்துகளை மனத்தில் ஏந்தி அடுத்த தலைமுறைக்குக் கொடுத்தனர். அவர்தம் பாடல்களைத் தேடித் தொகுத்தவர்களுள் முதன்மையானவர் மலையக எழுத்தாளரும் தொழிற்சங்கவாதியுமான சி. வி. வேலுப்பிள்ளை (1914-1984). அம்மண்ணின் வாழ்வைக் கதைகளாக்கியவர் தெளிவத்தை ஜோசப் (1934-2022). நம் நூலகத்தில் இவ்விருவர் நூல்களும் இடம்பெற வேண்டும் என்பது நம் விருப்பம்.

இனி, நம் கழகத்தின் மேடையில் மறைக்காமல் பேச வேண்டிய ஒன்றைப் பேசுவோம். தோட்டத்துக்குச் சென்றோரில் சரிபாதிக்கும் மேற்பட்டோர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நம்மவர். கடல் கடந்ததனால் சாதி கரைந்துவிட்டதா? கரையவில்லை. பெரிய கங்காணிகளுள் பலர் மேற்பட்ட சாதியினர். லயங்களும் பல தோட்டங்களில் சாதிவாரியாகப் பிரிக்கப்பட்டன. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்னும் வழக்கும் கூடவே சென்றது. அதே வேளையில், ஒரே மலையில் ஒரே கூடையோடு நின்று ஒரே கூலி பெற்ற உழைப்பு, சாதியின் பிடியைச் சற்றே தளர்த்தியது. பண்ணையார் வீட்டுக் கொல்லை வாசல் அங்கே இல்லை. தொழிற்சங்கக் கூட்டத்தில் நம்மவரும் ஏனையோரும் ஒரே தரையில் அமர்ந்தனர். சாதி ஒழியவில்லை, ஆனால் சாதியின் காவலர்கள் குறைந்தனர். இதுவே உண்மையான அளவு. இதைக் கூட்டியும் குறைத்தும் கூறுதல் தகாது.

பறையை எடுத்துக்கொள்ளுங்கள். மலையகத்தில் அதற்குத் தப்பு என்று பெயர். விடியலில் தொழிலாளரை எழுப்புவதற்குத் துரை அதனை அடிக்கச் செய்தான். அதாவது அது அடிமைப்பணியின் மணியோசையாயிற்று. அதே தப்பே காமன் கூத்துக்கும் முழங்கிற்று, திருவிழாவுக்கும் முழங்கிற்று. நம் ஊர்களிலோ இழவு வீட்டில் கட்டாயத்தின் பேரில் அடிக்க வைத்தனர். அதனை மறுத்து, பறையைக் கீழே வைத்த நம் தந்தையர் தலைமுறை செய்தது அறப்போர். அதனைக் கையிலெடுத்து மேடையில் கலையாக முழக்கும் இன்றைய இளைஞர் செய்வதும் தவறன்று. கீழே வைப்பதும் நம் முடிவு, கையில் எடுப்பதும் நம் முடிவு என்றாகும்போது அது பண்பாடு. பிறர் முடிவென்றால் அது ஊழியம். இவ்வேறுபாட்டை உணர்த்தவே இதனைக் கூறினோம்.

பெயரின் கதையும் இத்தகையதே. இலங்கையின் 1911ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை 'இந்தியத் தமிழர்' என்று தனியே எழுதியது. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியர் காங்கிரசின் சார்பில் எழுவர் நாடாளுமன்றம் சென்றனர். நாடு விடுதலை பெற்ற 1948ஆம் ஆண்டிலேயே வந்த குடியுரிமைச் சட்டம் இம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது; அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1950 மே மாதத்தில் உலகப் பௌத்தர் மாநாட்டுக்காக அண்ணல் அம்பேத்கர் கண்டிக்குச் சென்றார். அந்நகரைச் சூழ்ந்த மலைகளில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த நம்மவர் அப்போது எந்த நாட்டுக்கும் உரியவராயில்லை. அதற்கு அரை நூற்றாண்டு முன்னர், 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் கொழும்பு சென்று பௌத்தம் ஏற்றார் என்பதையும் நாம் அறிவோம். நம் வழிகாட்டிகளின் வரலாற்றிலும் அத்தீவு இருக்கிறது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேரின் தலைவிதி அங்கே பங்கிடப்பட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர்ப் பார்க்கப்படுவர். அவர்களையும் 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாதிப் பாதியாகப் பிரித்தது. உயிருள்ள மக்களைப் பாகப் பிரிவினைப் பத்திரம் போல எழுதினர். அண்ணன் அங்கே, தம்பி இங்கே. மகள் அங்கே, தாய் இங்கே. அவர்களிடம் கேட்டவர் யார்? இலங்கையில் எஞ்சியோர்க்கு 1988ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுச் சட்டமுமே குடியுரிமையை முழுமையாக்கின. 1948இல் பிடுங்கியதைத் திருப்பித் தர 55 ஆண்டுகள் ஆயின.

இந்த நெடிய காலத்தில் அம்மக்கள் தமக்குத் தாமே ஒரு பெயரைத் தேர்ந்தனர்: மலையகத் தமிழர். 'கூலி' என்றது துரை வைத்த பெயர். 'இந்தியத் தமிழர்' என்றது கணக்கெடுப்பு வைத்த பெயர். 'மலையகத் தமிழர்' என்பது காட்டைத் தோட்டமாக்கியவர்கள் அம்மண்ணின்மேல் வைத்த உரிமை. முதற் கோப்பித் தோட்டக் காலத்திலிருந்து 200 ஆண்டுகள் நிறைந்த 2023ஆம் ஆண்டில், தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, முன்னோர் சென்ற வழியே அவர்களும் அவர்தம் நண்பர்களும் சூலை இறுதியில் தொடங்கி ஆகஸ்டு வரை நடந்தனர். 2024ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 'இந்தியத் தமிழர்' என்பதன் அருகே 'மலையகத் தமிழர்' என்னும் பெயரும் ஏறியது. ஒரு பெயரைப் பதிவேட்டில் ஏற்ற எத்தனை தலைமுறை வேண்டியிருக்கிறது பாருங்கள்.

பிற தீவுகளையும் ஒரு கணம் நோக்குவோம். புதுவை, காரைக்கால் துறைமுகங்களின் வழியே பிரெஞ்சுத் தீவுகளுக்குச் சென்ற தமிழர் உளர். இரியூனியன் தீவில் அவர்களுக்கு 'மலபார்' என்று பெயரிட்டனர். பேச்சுத் தமிழை அவர்களுள் பெரும்பாலோர் இழந்தனர். எனினும் தீமிதியையும் தோற்பறையின் ஒலியையும் விட்டிலர். குவாதலூப்புத் தீவில் ஹென்றி சிதம்பரம் என்னும் தமிழ் வழியினர், இந்திய வழியினர்க்கும் வாக்குரிமை வேண்டுமென்று 1904இல் தொடங்கிய வழக்கை 1923 வரை நடத்தி வென்றார். மொழி எஞ்சிய தீவும் உண்டு, மொழி போய்ச் சடங்கு எஞ்சிய தீவும் உண்டு. ஆனால் வாக்கும் குடியுரிமையும் இல்லாத இடத்தில் எந்தப் பண்பாடும் அச்சமின்றி வாழ்ந்ததில்லை. இது எல்லாத் தீவுகளுக்கும் பொதுவான பாடம்.

இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோர் என்ன ஆயினர்? இராமேசுவரம் வந்து இறங்கி, மண்டபத்தில் தங்கி, நீலகிரி, கோவை, திருச்சி எனப் பல மாவட்டங்களுக்குப் பிரிந்தனர். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968இல் நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. சிலர் தாத்தாவின் ஊரைத் தேடி நம் பக்கமும் வந்தனர். வந்தவர்களை ஊர் எவ்வாறு வரவேற்றது? அங்கே 'இந்தியாக்காரன்' என்றனர். இங்கே 'சிலோன்காரன்' என்றனர். 1983ஆம் ஆண்டு வன்முறைக்குப் பின் அகதிகளாக வந்தோருள்ளும் மலையக மக்கள் உளர். பெரம்பலூரை அடுத்த துறைமங்கலத்தில் இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று இருப்பதை நீங்கள் அறிவீர்கள். 2021இல் தமிழக அரசு இத்தகைய முகாம்களுக்கு 'மறுவாழ்வு முகாம்' எனப் பெயர் மாற்றியது நற்செயல். ஆனால் 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறிப்பிட்ட மூன்று நாடுகளுள் இலங்கை இல்லை. பெயர்ப் பலகை மாறிற்று. நாடற்றோர் நிலை இன்னும் முழுமையாக மாறவில்லை.

நம் பணியிடத்தில் கண்ட ஒரு செய்தியைக் கூறுவோம். தாயகம் திரும்பிய குடும்பத்தைச் சேர்ந்த மாணவி ஒருத்தி, பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் பெற்று மேல்நிலை வகுப்பில் சேர்ந்தாள். உதவித்தொகைக்குச் சாதிச் சான்றிதழ் வேண்டும். அலுவலகம் ஒன்றில் பூர்விக ஊருக்குச் சான்று கேட்டனர். தாத்தா இலங்கையிலிருந்து கொண்டுவந்த குடும்ப அட்டை வெள்ளத்தில் போயிருந்தது. தந்தைக்கு ஊர்ப் பெயர் தெரியாது. 'திருச்சி ஜில்லா' என்பது மட்டும் தெரியும். ஓராண்டு உதவித்தொகை கைநழுவிற்று. பிறகு அவள் பாட்டியை அழைத்துப் பேசினோம். பாட்டிக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் தம் மாமனார் குலதெய்வத்துக்கு நேர்ந்துகொள்ளும்போது சொல்லும் ஏரியின் பெயரும், அந்த ஏரிக்கரையிலுள்ள சாமியின் பெயரும் அம்மூதாட்டிக்கு நினைவிருந்தன. அந்த இரு பெயர்களைக் கொண்டு விசாரித்தோம். ஊர் கிடைத்தது, பங்காளிகள் கிடைத்தனர், பங்காளி ஒருவரின் சான்றிதழைக் காட்டி மறு ஆண்டில் அப்பெண்ணுக்கும் சான்றிதழ் கிடைத்தது. இன்று அவள் செவிலியர் பயிற்சி முடித்துப் பணியில் இருக்கிறாள்.

அன்பர்களே, பண்பாடு என்பது மேடையில் ஆடும் ஆட்டம் மட்டுமே என்று எண்ணிவிடாதீர். ஒரு பாட்டியின் வாயில் இருந்த ஏரியின் பெயர் ஒரு பேத்தியின் உரிமைப் பத்திரமாயிற்று. வட்டார நினைவு அழிந்தால் பெருமை மட்டும் போவதில்லை, உரிமையும் போகிறது. நாம் இன்று கூற வந்த கருத்து இதுவே. ஏடு பிறர் கையில் இருக்கும் சமுதாயத்துக்கு நினைவே ஏடு. அந்நினைவை நாமே ஏட்டில் ஏற்றாவிடின், பிறர் நமக்குத் தரும் தகரத் துண்டே நம் அடையாளமாக எஞ்சும்.

நம் சமுதாயம் இப்பாடத்தை அறியாததன்று. நமக்கும் பிறர் பல பெயர்கள் வைத்தனர். சிலவற்றை வசையாகவே வைத்தனர். சாதிபேதமற்ற திராவிடர் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றார் பண்டிதர் அயோத்திதாசர். எம். சி. இராஜா சட்டமன்றத்தில் போராடியதன் பயனாக, 1922இல் சென்னை அரசு பழைய பெயர்களை நீக்கி 'ஆதி திராவிடர்' என்னும் பெயரை ஏற்றது. பின்னர் 'தலித்' என்னும் பெயரை நம் இளைஞர் ஏந்தினர். எப்பெயர் சிறந்தது என்று வாதிட இன்று நேரமில்லை. நம் பெயரை நாமே சொல்வோம் என்னும் துணிவே அனைத்திலும் சிறந்தது. மலையகத்தார் செய்ததும் இதுவே. அவர்களும் நாமும் ஒரே பாடத்தை இரு கரைகளில் படித்திருக்கிறோம்.

கல்வியிலும் அவ்வாறே. இலங்கையில் 1945இல் இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பள்ளிகள் அதன் பயனுக்கு வெளியே நின்றன. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புகள். அதுவே தோட்டப் பள்ளி. 1970களிலும் அதற்குப் பின்னருமே அரசு அவற்றைப் படிப்படியாக ஏற்றது. 1990களில் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி தோன்றி மலையகத்துக்கு ஆசிரியர்களைத் தரலாயிற்று. லயத்தில் பிறந்தோர் இன்று ஆசிரியராக, வழக்கறிஞராக, பேராசிரியராக விளங்குகின்றனர். ஓலைக் கூரையின் கீழ் மாலை வகுப்பாகத் தொடங்கிய நம் கழகத்தின் 25 ஆண்டுப் பணியை அறிந்தோர்க்கு இந்தக் கதை புதிதன்று.

ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவையின் முன் வைக்கிறோம். முதலாவது, ஊர்தோறும் ஒரு நினைவேடு. நம் மாணவர்கள் ஒரு கோடை விடுமுறையில் ஆளுக்கொரு குறிப்பேட்டோடு முதியோரை அணுகட்டும். யார் கண்டிச்சீமை சென்றார், எந்தத் தோட்டம், யார் திரும்பினார், யார் திரும்பவில்லை, குலதெய்வம் எது, ஏரி எது என்பவற்றை எழுதட்டும். பழைய கடிதம், கடவுச்சீட்டு, குடும்ப அட்டை எதுவாயினும் படியெடுத்துக் கழக நூலகத்தில் வைப்போம். தட்டச்சு வேண்டாம்; மையும் பேனாவும் போதும்.

இரண்டாவது, நம் வகுப்பறைகளில் எக்குழந்தையையும் 'அகதி' என்று அழைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். அக்குழந்தையின் பூட்டனார் நம் பக்கத்து ஊரிலிருந்தே புறப்பட்டிருக்கலாம். சான்றிதழுக்காக அலையும் குடும்பங்களுக்கு மனு எழுதித் தரவும் உடன் செல்லவும் கழகத்தில் இருவரைப் பொறுப்பாக்க வேண்டும். இதற்குப் பணம் வேண்டாம், கால் வேண்டும்.

மூன்றாவது, ஆசிரியத் தோழர்களுக்கு. கடாரம் கொண்டானைப் பற்றிப் பாடம் நடத்தும் நாளிலேயே கங்காணியோடு சென்றவர்களைப் பற்றியும் ஐந்து நிமிடம் பேசுங்கள். படையெடுத்துச் சென்றவன் வென்ற நாட்டில் இன்று அவன் ஆட்சி இல்லை. கூடை எடுத்துச் சென்றவர்கள் திருத்திய மலைகளில் இன்றும் தேயிலை துளிர்க்கிறது, தமிழும் துளிர்க்கிறது. எந்தக் கடற்பயணம் பெரிது என்பதைப் பிள்ளைகளே முடிவு செய்யட்டும்.

நம் கழகம் தன் வெள்ளி விழா மலரில் நிறுவனர்களின் படங்களை அச்சிட்டிருக்கிறது. நன்று. பொன்விழா மலர் வெளிவரும் நாளில், கடல் கடந்து சென்ற நம்மவரின் பெயர்ப் பட்டியலும், ஊர்வாரியாக, அதில் அச்சாக வேண்டும். அதனைத் தொகுக்கப்போகும் மாணவர்கள் இப்பந்தலிலேயே அமர்ந்திருக்கின்றனர் என்று நம்புகிறோம்.